ஒத்துப்போகாத இரட்டையர்

பங்குனி மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே, கொள்ளிடப் பக்கமாகப் பார்த்தால், சப்தரிஷி மண்டலம் அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையில் ஏறி நிற்கும். அதன் அகப்பைத் தலைக்குச் சற்று மேற்கே, வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், இரண்டு நீல நிறப் புள்ளிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட இவை ஏறத்தாழ 25,000 மடங்கு மங்கலானவை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆறு விகலைதான். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. ஜோட்ரெல் பேங்க் வானொலி ஆய்வில் முதலில் அகப்பட்ட இந்தச் சோடியை 1979 மார்ச்சில் டென்னிஸ் வால்ஷ், பாப் கார்ஸ்வெல், ரே வேமன் மூவரும் அரிசோனாவின் கிட் பீக் மலையில் 2.1 மீட்டர் தொலைநோக்கியால் ஆராய்ந்தார்கள். இரண்டு புள்ளிகளும் குவேசார்கள். இரண்டிலும் அதே உமிழ்கோடுகள், அதே 1.41 செம்பெயர்ச்சி. தற்செயலாகப் பக்கத்தில் வந்து நின்ற இரண்டு குவேசார்களுக்கு இவ்வளவு ஒற்றுமை இருக்க வழியில்லை என்று கருதி, இது ஒரே குவேசாரின் இரட்டைப் பிம்பமாக இருக்கலாம் என்று அந்த ஆண்டு மே மாதமே நேச்சர் இதழில் எழுதினார்கள். வழியில் நிற்கும் ஒரு விண்மீன் திரளின் ஈர்ப்பு, ஒளியை வளைத்து ஒன்றை இரண்டாகக் காட்டும் என்று 1937இலேயே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொல்லியிருந்தார். அவர் சொன்ன ஈர்ப்பு வில்லை வானில் முதல் முறையாக அகப்பட்டது இங்கேதான்.

கண்டுபிடிப்பின் அடிப்படை ஒற்றுமை. அப்படியிருக்க, இந்தச் சோடியைப் புற ஊதா ஒளியில் பார்க்கத் தொடங்கியதும் கிடைத்தது வேற்றுமை. 1978 ஜனவரியில் ஏவப்பட்ட ஐ.யூ.இ. செயற்கைக்கோளில் இருந்தது 45 சென்டிமீட்டர் கண்ணாடி. அதன் பார்வைக் கூர்மை சுமார் ஐந்து விகலை என்பதால், ஆறு விகலை இடைவெளியைப் பிரித்தறிவதே அதற்கு மல்லுக்கட்டு. அப்படியும் 1980களின் தொடக்கத்தில் அது எடுத்த நிறமாலைகளில் இரண்டு பிம்பங்களும் அச்சு அசலாகப் பொருந்தவில்லை. காலப்போக்கில் மாறவும் செய்தன. ஒன்றேதான் இரண்டாகத் தெரிகிறது என்றால் இரண்டும் ஒன்றுபோல அல்லவா இருக்க வேண்டும்? ஈர்ப்பு நிறம் பார்த்து வளைப்பதில்லை; சிவப்பையும் ஊதாவையும் அது ஒரே அளவில்தான் திருப்பும். ஆகவே ஒரு நிறத்தில் ஒற்றுமையும் இன்னொரு நிறத்தில் வேற்றுமையும் இருப்பது வில்லைக் கொள்கைக்கே எதிரான சாட்சி என்று ஒருவர் வாதாடினால், அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. இந்த இரட்டையரின் வேற்றுமைகள்தாம் வில்லைக் கொள்கைக்கு ஒற்றுமையைவிட வலுவான ஆதாரம். அவை மிகத் தெளிவாகப் பேசுவது புற ஊதாவில்.

திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு; கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. முக்கொம்பில் நீர்மட்டம் திடீரென ஏறினால் அந்த ஏற்றம் இரு கிளைகளிலும் ஒரே நேரத்தில் கீழே வந்து சேராது. பாதையின் நீளம் வேறு, மணற்படுகை வேறு, வேகம் வேறு. தெற்குக் கிளையில் குடமுருட்டி வந்து கலக்கிறது, நகரத்தின் கழிவும் சேர்கிறது. வடக்குக் கிளைக்கு அந்தச் சேர்மானம் இல்லை. ஒரே நாளில் இரண்டு கிளைகளிலும் ஒரு குடம் நீர் மொண்டு சோதித்தால் கலங்கலும் உப்பும் வேறு வேறாகத்தான் இருக்கும். அதை வைத்து இரண்டு ஆறுகளும் வேறு வேறு மலையில் பிறந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கே பிரிந்தன, எவ்வளவு நேரம் எடுத்தன, வழியில் எதைச் சந்தித்தன என்பதை அந்த வேற்றுமையிலிருந்தே கணக்கிடலாம். இந்த உவமை ஒரு இடத்தில் உடையும்: ஆறு பிரிந்தால் நீர் பங்கு போடப்படுகிறது, வில்லையோ நமக்கு வராமல் வேறு திசையில் போயிருக்க வேண்டிய ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் இரண்டு பிம்பங்களுமே அசல் குவேசாரைவிடப் பிரகாசமாகத் தெரிகின்றன.

இதில் புற ஊதாவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைப் பார்க்கலாம். குவேசார் என்பது ஒரு பெருங்கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டின் வெளிச்சம். தட்டின் உட்பகுதி மிகவும் சூடானது. அது கொட்டும் ஆற்றலில் பெரும்பங்கு புற ஊதா. ஹைட்ரஜனின் தலையாய கோடான லைமன்-ஆல்பா 121.6 நானோமீட்டரில் இருக்கிறது. கார்பன், நைட்ரஜன், சிலிக்கன் அயனிகளின் வலுவான கோடுகளும் புற ஊதாவில்தான். செம்பெயர்ச்சி 1.41 என்றால் புறப்பட்ட அலைநீளம் 2.41 மடங்காக நீண்டு நம்மிடம் வரும். 155 நானோமீட்டரில் கிளம்பிய கார்பன் கோடு 373இல் வந்து விழுகிறது. கிட் பீக்கில் தரையில் நின்றபடி அதைப் பதிவு செய்ய முடிந்தது அதனால்தான். உண்மையில் 1979இல் கண்ட ஒற்றுமையும், பிறந்த இடத்தில் புற ஊதாவாக இருந்த ஒளியின் ஒற்றுமைதான். ஆனால் லைமன்-ஆல்பா 293 நானோமீட்டரில் வந்து விழுகிறது. இது ஓசோன் படலம் மூடிவைத்திருக்கும் பகுதி. வெப்பமண்டல வானில் ஓசோன் கொஞ்சம் மெல்லியது என்றாலும் 293ஐ விட்டுவைக்கும் அளவுக்கு மெல்லியதல்ல. மலைக்கோட்டை உச்சியானாலும் சவ்வாது மலையில் காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியானாலும் இதில் ஒரே கதைதான். இந்தக் குவேசாரைப் பொறுத்தவரை தரைக்கும் விண்வெளிக்கும் உள்ள எல்லைக்கோடு, மிக முக்கியமான கோட்டுக்குச் சற்று மேலாகப் போய்விட்டது. இன்னும் தொலைவிலுள்ள, செம்பெயர்ச்சி மூன்று நான்கு கொண்ட குவேசாரை எடுத்துக்கொண்டால் லைமன்-ஆல்பா தானாகவே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக நீண்டு வருமே, செயற்கைக்கோள் செலவு எதற்கு என்று கேட்கலாம். வரும்தான். ஆனால் அவ்வளவு தொலைவில் இடைவழி ஹைட்ரஜன் மேகங்கள் காடுபோல அடர்ந்து கோட்டின் நீலப்பக்கத்தைச் சல்லடையாக்கிவிடும். பேரண்டத்தின் வயதும் வேறு. பிந்திய காலத்து, மெலிந்த காட்டைப் பார்க்க வேண்டுமானால் வளிமண்டலத்துக்கு மேலே போகத்தான் வேண்டும்.

மேலே போய்ப் பார்த்ததில் கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நிழல். செம்பெயர்ச்சி 1.39இல், அதாவது குவேசாருக்கு வெகு அருகில், நமக்கும் அதற்கும் இடையே ஒரு தடித்த ஹைட்ரஜன் மேகம் இருக்கிறது. அதன் லைமன்-ஆல்பா உட்கவர்தல் சுமார் 291 நானோமீட்டரில் அகலமான கரும்பள்ளமாக விழுகிறது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி இரண்டு பிம்பங்களின் புற ஊதா நிறமாலையையும் தனித்தனியே எடுத்தபோது, பள்ளம் இரண்டிலும் இருந்தது. ஆனால் மேகத்தின் திண்மை இரண்டிலும் சமமாக இல்லை. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே குவேசாரிலிருந்து கிளம்பிய இரண்டு கதிர்கள் இன்னும் அதிகம் விலகாத இடம் அது. வில்லையின் வடிவியலை வைத்துக் கணக்குப் போட்டால் அங்கே இரு கதிர்களுக்கும் இடைவெளி ஆயிரம் ஒளியாண்டு அளவில்தான் வரும். நம் பால்வெளித் திரளின் குறுக்களவில் நூறில் ஒரு பங்கு. இரண்டும் வெவ்வேறு குவேசார்களாக இருந்தால் கதிர்களின் இடைவெளி அங்கே ஒரு லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் இருக்க வேண்டும். அவ்வளவு அகன்ற இரு இடங்களில் அதே செம்பெயர்ச்சியில் அதே மாதிரித் தடித்த மேகம் குறுக்கிடுவது அரிது. பள்ளம் இரண்டிலும் இருப்பது வில்லையின் பக்கம் பேசுகிறது. பள்ளத்தின் ஆழம் வேறுபடுவது, 900 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாயு மேகத்துக்குள் ஆயிரம் ஒளியாண்டு தள்ளினால் அடர்த்தி மாறும் என்பதைச் சொல்கிறது. வேறெந்த வழியில் அந்த மேகத்தைக் குறுக்காக அளந்திருக்க முடியும்? வேற்றுமையைக் குறையாகக் கருதி ஒதுக்கியிருந்தால் இந்த அளவீடே கிடைத்திருக்காது.

அடுத்த வேற்றுமை, நேரம். வில்லையாக நிற்கும் திரள் செம்பெயர்ச்சி 0.36இல் இருக்கிறது. ஏ, பி என்று அழைக்கப்படும் இரண்டு பிம்பங்களில் பி பிம்பம் அதன் மையத்திலிருந்து ஒரு விகலை தூரத்தில் ஒட்டி நிற்கிறது, ஏ பிம்பம் ஐந்து விகலை தள்ளி. திரளின் ஈர்ப்புக் குழிக்குள் ஆழமாக நுழைந்து வரும் பி ஒளி பிந்தி வருகிறது. குவேசார் தன் பிரகாசத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் பொருள் என்பதால், ஒரே இரவில் இரண்டையும் படம் எடுத்தால் நாம் பார்ப்பது ஒரு குவேசாரின் இரண்டு வயதுகளை. ஐ.யூ.இ. காட்டிய பொருந்தாமையில் ஒரு பகுதி இதிலிருந்தே வர வேண்டும். எவ்வளவு தாமதம் என்பதில் பத்தாண்டுக்கு மேல் சண்டை நடந்தது: ஒரு தரப்பு ஏறத்தாழ 415 நாள் என்றது, 1992இல் பிரெஸ், ரிபிக்கி, ஹெவிட் ஆகியோரின் கணக்கு 536 என்றது. சண்டை தீர்ந்த விதம் அழகானது. 1994 டிசம்பரில் ஏ பிம்பத்தின் ஒளி சட்டென்று இறங்கியது. அதைப் பதிவு செய்த டோமிஸ்லாவ் குண்டிச்சும் கூட்டாளிகளும், தாமதம் 415 நாள் என்றால் பி பிம்பம் 1996 பிப்ரவரியில் அப்படியே இறங்கும், 536 என்றால் ஜூன் வரை காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அச்சில் போட்டுவிட்டார்கள். பிப்ரவரியில் இறங்கியது. 1997இல் வெளியான எண் 417 நாள், மூன்று நாள் கூடலாம் குறையலாம். 900 கோடி ஆண்டுப் பயணத்தில் 417 நாள் வித்தியாசத்தை மூன்று நாள் துல்லியத்தில் சொல்லும் அறிவியல், இரட்டைக் குவேசார் என்ற மாற்றுக் கொள்கைக்கு இடமே வைக்கவில்லை. இரண்டு தனிக் குவேசார்கள் பதினான்கு மாத இடைவெளியில் ஒன்றையொன்று காப்பியடிக்கக் காரணமில்லை.

இந்தத் தாமதத்தைச் சிந்திக்கும் முறையை எளிதாக்கியவர்களில் ஒருவருக்குத் திருவானைக்காவலோடு ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. 1888 நவம்பர் 7 அன்று அங்கே பிறந்த சர் சி. வி. ராமனின் மாணவர் ஜி. என். ராமச்சந்திரன், ராமச்சந்திரனின் மகன் ரமேஷ் நாராயண். இவரும் ரோஜர் பிளான்ஃபோர்டும் 1986இல் எழுதிய கட்டுரை, ஒளி எப்போதும் பயண நேரம் உச்சமாகவோ நீச்சமாகவோ சேணம்போலவோ அமையும் பாதைகளையே தேர்ந்தெடுக்கும் என்ற ஃபெர்மாவின் பழைய விதியை வில்லைக்குப் பொருத்தியது. அந்தப் பார்வையில் பிம்பம் என்பதே நேரத்தின் நிலப்படத்தில் ஒரு பள்ளம், ஒரு மேடு, அல்லது ஒரு கணவாய். ஏ பிம்பம் பள்ளத்தில் இருக்கிறது. அதனால் முதலில் வருகிறது. பி கணவாயில் இருக்கிறது. தாமதம் என்பது பிற்சேர்க்கையாக ஒட்டிய விவரம் அல்ல, பிம்பங்கள் உருவாகும் காரணமே அதுதான் என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது வேற்றுமைக்குக் காரணம் வில்லைத் திரளுக்குள் இருக்கும் தனித்தனி விண்மீன்கள். கதிர் போகும் வழியில் ஒரு விண்மீன் குறுக்கே நகர்ந்தால் அதுவும் ஒரு குட்டி வில்லையாக வேலை செய்து ஒரு பிம்பத்தை மட்டும் கூட்டும் அல்லது குறைக்கும். 1985இல் ஜான் ஹூக்ரா குழுவினர் கண்ட ஐன்ஸ்டைன் சிலுவை என்ற இன்னொரு ஈர்ப்பு வில்லையில், குவேசாரின் நான்கு பிம்பங்களுக்கும் இடையிலான தாமதம் மிகக் குறைவு, ஒரு நாள் அளவுக்கும் உட்பட்டது. ஆகவே அங்கே ஒரு பிம்பம் மட்டும் மாதக்கணக்கில் பிரகாசித்தால் அதைத் தாமதத்தின் தலையில் கட்ட முடியாது; 1989இல் அப்படி ஒரு மாற்றம் பிடிபட்டபோது இந்தக் குட்டி வில்லையின் வேலை, அதாவது நுண்வில்லை விளைவு, முதன்முதலாக உறுதியானது. நிறம் இங்கேதான் உள்ளே வருகிறது. ஈர்ப்புக்கு நிறம் தெரியாது, ஆனால் ஒளி கிளம்பும் இடத்தின் பரப்புக்குத் தெரியும். எளிய தட்டுக் கொள்கைப்படி ஒளி கிளம்பும் வளையத்தின் ஆரம், அலைநீளத்தின் நான்கு-மூன்றாம் (4/3) அடுக்காக மாறும். அலைநீளம் பாதியானால் ஆரம் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். சின்ன மூலத்தைக் குட்டி வில்லை பலமாக உலுக்கும், பெரிய மூலத்தை மெல்ல அசைக்கும். எனவே புற ஊதாவில் ஆட்டம் அதிகம், சிவப்பில் குறைவு. இதை அளந்து பார்த்ததில் தட்டுகள் கொள்கை சொல்வதைவிடச் சில மடங்கு பெரியவையாக வந்திருக்கின்றன. கிறிஸ்டோபர் மோர்கன், கிறிஸ்டோபர் கோச்சனெக் குழுவினரின் 2010 ஆய்வும் அதையே சொன்னது. கொள்கையில் எங்கே பிழை என்பது இன்னும் தீராத கேள்வி. எந்தத் தொலைநோக்கியாலும் நேரடியாகப் பிரித்துப் பார்க்க முடியாத ஒரு தட்டின் அளவைப் பற்றி நாம் வாதாட முடிகிறது என்பதே அந்த ஒத்துப்போகாமையின் கொடை.

இனிக் கடினமான ஆட்சேபத்துக்கு வருவோம். மேகம், தாமதம், நுண்வில்லை, போதாததற்குத் தூசி என்று ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு காரணம் கையில் வைத்திருப்பவரை எப்படித்தான் தோற்கடிப்பது? எதையும் விளக்கும் கொள்கை எதையுமே விளக்கவில்லை என்று சொல்லலாமே? காரணங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக் கூடியவையாக இருந்தால் இது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் ஒவ்வொன்றும் நிறமாலையில் தன் கைரேகையை விட்டுப்போகிறது. தாமதத்தால் வரும் வேற்றுமை, இன்றைய பி பிம்பத்தை 417 நாளுக்கு முந்தைய ஏ பிம்பத்தோடு ஒப்பிட்டால் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் அது தாமதம் அல்ல. தூசி காலத்தோடு மாறாது. அலைநீளம் குறையக் குறைய அதன் மறைப்பு கூடும். நுண்வில்லை மாதங்களிலும் ஆண்டுகளிலும் மாறும். தட்டிலிருந்து வரும் தொடர் ஒளியை உலுக்கும், ஆனால் தட்டைவிட மிகப் பெரிய பரப்பிலிருந்து வரும் அகன்ற உமிழ்கோடுகளை அவ்வளவாகத் தொடாது. மேகமோ குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் பள்ளம் தோண்டும். புற ஊதாவில் இவை நான்கும் பெரிதாகத் தெரிவதால் பிரித்தறிவதும் எளிது. சிவப்பில் பார்த்தால் எல்லாம் மெல்லிய ஒரே மாதிரிச் சலசலப்பாகிவிடும். 1980களில் இன்னொரு ஆட்சேபமும் இருந்தது: வானொலியில் ஏ பிம்பத்திலிருந்து ஒரு தாரை நீண்டு தெரிந்தது, பி பிம்பத்தில் இல்லை. அந்தத் தாரை, வில்லை இரண்டாக்கிக் காட்டும் சிறு பரப்புக்கு வெளியே விழுகிறது என்பது அதற்கு விடை. இது சமாளிப்பு போலத் தோன்றினாலும், குவேசாரின் மையத்தை ஒட்டிய குட்டித் தாரை இரண்டு பிம்பங்களிலும் இருக்க வேண்டும் என்று அதுவே கட்டாயப்படுத்தியது. உலகளாவிய வானொலிக் கூட்டு அளவீடுகள் அதை இரண்டிலும் காட்டின.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்யூர் ரெஃப்ஸ்டால் 1964இல் சொன்னபடி இந்தத் தாமதத்திலிருந்து பேரண்டம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம் என்றாலும், அந்த வேலைக்கு இந்த மூத்த சோடி அவ்வளவு உகந்ததல்ல. வில்லைத் திரள் தனியாக இல்லாமல் ஒரு திரள்கொத்துக்குள் இருப்பதால், ஈர்ப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதிலேயே பிழை புகுந்துவிடுகிறது. புகழ் வாய்ந்த முதல் சான்றே சிறந்த அளவுகோலாகவும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இந்தியாவுக்கென ஒரு புற ஊதாக் கண் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் ஏறிப் போனது. யூவிட் என்ற அந்தக் கருவியில் 38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட இரண்டு தொலைநோக்கிகள். கூர்மை ஒன்றரை விகலை அளவு. ஐ.யூ.இ. தடுமாறிய ஆறு விகலை இதற்குச் சர்வசாதாரணம். ஆனால் 200 முதல் 300 நானோமீட்டர் வரை பார்க்கும் அதன் அண்மைப் புற ஊதாப் பிரிவு 2018இல் நின்றுபோனது. மிஞ்சியது 130 முதல் 180 வரை பார்க்கும் சேய்மைப் பிரிவு. நம் இரட்டைக்கு அது பயன்படாது: 1.39இல் நிற்கும் மேகம், ஹைட்ரஜனை அயனியாக்கும் ஒளியை முழுவதுமாக விழுங்கிவிடும் என்பதால், சுமார் 218 நானோமீட்டருக்குக் கீழே இந்தக் குவேசார் ஏறத்தாழ இருட்டு. அதே சேய்மைப் பிரிவு, கிட்டத்தட்ட அதே செம்பெயர்ச்சி 1.42 கொண்ட ஏ.யூ.டி.எஃப்.எஸ்.01 என்ற சிறு விண்மீன் திரளிலிருந்து அயனியாக்கும் ஒளி தப்பி வெளியே வருவதைக் கண்டது. புனேயின் ஐயூக்கா ஆய்வு மையத்தைச் சேர்ந்த கனக் சாஹா தலைமையில் 2020இல் அது வெளியானது. ஒரே காலத்துப் பேரண்டத்தில் ஒரு பாதை அடைத்திருக்கிறது, இன்னொன்று திறந்திருக்கிறது. அடைத்த பாதையின் தடிப்பை இரண்டு இடங்களில் அளக்கும் வசதியை வில்லைதான் தருகிறது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்வைத்திருக்கும் இன்சிஸ்ட் என்ற ஒரு மீட்டர் வகைப் புற ஊதாத் தொலைநோக்கி பறக்குமானால், அதற்கு நேரம் ஒதுக்கும் குழு இந்தச் சோடிக்கு ஒரே இரவைக் கொடுத்துப் பயனில்லை. ஏ பிம்பத்துக்கு ஓர் இரவும், 417 நாள் கழித்து பி பிம்பத்துக்கு இன்னொன்றும் கொடுக்க வேண்டும். நடுவில் நுண்வில்லையைக் கண்காணிக்கச் சில சிறு இரவுகளும் தேவைப்படும்.